கணவாய்க் குடிசையின் விறகு

ஸ்வெர்த்லோவ்ஸ்க்,
3 அக்டோபர் 1974

அன்புள்ள தெமீத் அண்ணாவுக்கு,

உன் தங்கை உஸ்தீன்யா சுகம். நீயும் தம்பி ஸோசிமும் சுகமா? முதுகுவலிக்குக் கரடிக்கொழுப்பைத் தடவிக்கொண்டே டாக்டரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறாயா? ஸோசிமின் சொத்தைப்பல்லைப் பிடுங்கியாயிற்றா, இன்னும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டுதான் திரிகிறானா?

ஒரு செய்தி. நீ கிண்டல் செய்வாய், செய்துகொள். நான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன். அவர் பெயர் க்ளெப். எங்கள் ஆலையில் பொறியாளர். விடுமுறை கிடைத்தால் மற்றவர்கள் கடற்கரைக்குப் போவார்கள். இவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஆளே இல்லாத மலைக்கு நடக்கப் போவார். இங்கே ‘வடகாற்று’ என்று ஒரு நடைக்குழு இருக்கிறது, அதற்கு இவர்தான் தலைவர். இந்தத் தடவை நம் பக்கத்து மலைகளைத் தாண்டித்தான் போய்வந்திருக்கிறார்கள். ஒரு மாதம் ஊரையே பார்க்காமல் நடந்திருக்கிறார்கள். தாடியும் புகைநாற்றமுமாக என் விடுதி வாசலில் வந்து நின்றார். எனக்கு அது நம் வீட்டு நாற்றமாகவே இருந்தது. அதனால்தான் சரி என்று சொன்னேனோ என்னவோ.

கடைசி வாரம் முழுக்க ஈரப்பனியாம். “ஒரு வேட்டைக் குடிசை மட்டும் கண்ணுல படலேன்னா நாங்க அங்கயே விறைச்சுப் போயிருப்போம்” என்றார். “எங்க அண்ணன் மாதிரி யாராவதுதான் கட்டியிருப்பாங்க” என்றேன். “அப்ப உங்க அண்ணன் கால்ல விழணும்” என்று சிரித்தார். சிரித்தால் நல்ல மனுஷர் என்று தெரிந்துவிடும், நீயே பார்ப்பாய்.

ஸோசிமுக்கு என் முத்தம். தபால் விமானம் வந்ததும் பதில் போடு.

உன் தங்கை,
உஸ்தீன்யா


உஸ்த்-ஷெர்,
26 அக்டோபர் 1974

தங்கச்சி உஸ்தாவுக்கு,

நாங்கள் இருவரும் திடமாக இருக்கிறோம். முதுகு இருக்கிறது, வலியும் இருக்கிறது. பல் பிடுங்கியாயிற்று, குறடு என்னுடையது, அலறல் அவனுடையது.

கல்யாணம் நல்ல விஷயம். ஆனால் சம்பளம் வாங்காமல் ஒரு மாதம் மூட்டை சுமக்கிற ஆளை நான் பார்த்ததே இல்லை. நாங்கள் மரநாய்த் தோலுக்காக நடக்கிறோம். அவன் எதற்காக நடக்கிறான்? ஸோசிமிடம் கேட்டேன். “அண்ணே, படிச்சவங்களுக்கு உடம்பு சும்மா இருந்தா அரிக்கும்போல” என்கிறான். உன் கல்யாணத்துக்கு வரப்போகிறானாம். நகரத்துப் பெண் ஒருத்தியைக் கையோடு கூட்டிக்கொண்டு வருவானாம். முகத்தைக் கழுவிக்கொண்டு போடா என்று சொல்லியிருக்கிறேன்.

ஆறு உறைந்ததும் அவன் மேல்குடிசைகளுக்குப் போகிறான். இந்தப் பருவம் ஷெர்யா கணவாய்க் குடிசை, நம் அப்பா கட்டியது, அவன் பொறுப்பு. நான் கீழ்ப்பக்கம் இருப்பேன்.

உன் மாப்பிள்ளையிடம் ஒன்று கேள். தங்கின குடிசையில் விறகு வைத்துவிட்டு வந்தானா? அவர்கள் ஊரில் இதையெல்லாம் சொல்லிக்கொடுப்பார்களா, தெரியவில்லை. நமக்கு அப்பா பேசக் கற்றுக்கொடுக்கும் முன்பே சொல்லிக்கொடுத்தார். வந்தவன் இருப்பதை எல்லாம் தின்னலாம், எல்லாவற்றையும் எரிக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். கிளம்பும்போது அடுப்புப் பக்கத்தில் காய்ந்த விறகும் சிராயும் இருக்க வேண்டும். தீப்பெட்டியைப் பாதி திறந்து குச்சிகளை வெளியே இழுத்து வைத்திருக்க வேண்டும், விறைத்த விரலால் பெட்டியைத் திறக்க முடியாது என்பதால். கேட்டு எழுது.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

தெமீத்


ஸ்வெர்த்லோவ்ஸ்க்,
12 நவம்பர் 1974

அன்பு அண்ணா,

சுகம். நீங்களும் சுகம் என்று நம்புகிறேன். கல்யாணம் டிசம்பர் பதினான்கு என்று பதிவு அலுவலகத்தில் தேதி கொடுத்திருக்கிறார்கள். ஸோசிமை அனுப்பிவிடு, அவனுக்குச் சட்டை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். கழுத்தளவு தெரியாமல் கடைக்காரியின் மகனுக்குப் போட்டுப் பார்த்து வாங்கினேன்.

விறகு பற்றிக் கேட்டேன். “காலைல வெட்டி வெக்கலாம்னுதான் இருந்தோம். விடிஞ்சதும் வானம் வெளுத்துடுச்சு, கணவாயைத் தாண்ட அந்த ஒரு நாள்தான் கெடச்சுது, கெளம்பிட்டோம். அடுத்து வர்றவங்க பாத்துப்பாங்க” என்றார். நான் நன்றாகத் திட்டினேன். எங்கள் ஊரில் இதற்கு மூக்கை உடைப்பார்கள் என்று சொன்னேன். “ஐயோ, அப்ப கல்யாணத்துக்கு அப்புறம்தான் ஒங்க ஊருக்கு வருவேன்” என்று மூக்கைப் பொத்திக்கொண்டார்.

நீ கோபித்துக்கொள்ளாதே. நாம் அவருக்குச் சொல்லிக்கொடுப்போம்.

உஸ்தீன்யா


உஸ்த்-ஷெர்,
2 டிசம்பர் 1974

உஸ்தா,

உட்கார்ந்துகொண்டு வாசி. பக்கத்தில் யாராவது இருந்தால் இருக்கச் சொல். ஸோசிம் செத்துப்போனான்.

ஷெர்யா ஆற்றில் பனி இன்னும் கெட்டிப்படவில்லை. சறுக்கு வண்டியோடு உள்ளே போயிருக்கிறான். வண்டி, துப்பாக்கி, கோடரி, சாப்பாட்டு மூட்டை, எல்லாம் ஆற்றுக்கு. அவன் மட்டும் மேலே ஏறிவிட்டான். ஈரத் துணியோடு குடிசைவரைக்கும் நடந்திருக்கிறான். பாதையில் அவன் விழுந்த இடம் எல்லாம் எனக்குத் தெரிந்தது. எழுந்த இடமும் தெரிந்தது. குடிசைக்கு வந்துவிட்டால் பிழைத்தாயிற்று என்பதுதானே நாம் படித்த பாடம். அவன் வந்துவிட்டான் உஸ்தா. கதவைத் திறந்து உள்ளே போய்விட்டான்.

உள்ளே ஒரு குச்சி விறகு இல்லை. படுக்கைப் பலகைகளைப் பெயர்த்து எரித்திருக்கிறார்கள். கோடரி காம்பு உடைந்து வெளியே பனிக்குள் கிடந்தது. தீப்பெட்டித் தட்டு காலி. இடுப்புக் கத்தியால் மேசையைச் சீவி, சீவலை அடுப்புக்குள் அழகாக அடுக்கியிருந்தான், மெல்லியது கீழே, தடித்தது மேலே. பற்றவைக்க ஒன்றுமில்லை. கத்தியை அடுப்பு இரும்பில் அடித்து அடித்துப் பொறி எடுக்கப் பார்த்திருக்கிறான். கத்தி துண்டு துண்டாகிவிட்டது. உள்ளங்கை இரண்டும் கிழிந்து அடுப்புக் கதவு முழுக்க இரத்தம் உறைந்திருந்தது. வெறும் இரும்பைக் கட்டிக்கொண்டு கிடந்தான். முகத்தோல் இரும்போடு ஒட்டிப்போயிருந்தது. நான் கோடரிப் பின்பக்கத்தால் தட்டித்தான் பிரித்தேன். ஒரு விரல் என் கையோடு வந்துவிட்டது. அதைத் துணியில் சுற்றி அவனோடு புதைத்தேன்.

சுவரில் கரியால் எழுதியிருக்கிறது: ‘நன்றி, அன்புக் குடிசையே! வடகாற்று, ஸ்வெர்த்லோவ்ஸ்க், செப்டம்பர் 1974.’ கீழே சிரிக்கிற சூரியன் ஒன்று.

வடகாற்று. இந்தப் பெயரை உன் கடிதத்தில் பார்த்த நினைவு. நான் நாலு வகுப்பு படித்தவன், தப்பாக இருக்கலாம். நீ விசாரித்து, அதே குழுதானா என்று ஒரு வார்த்தை எழுது. அதற்குத் தலைமை தாங்கிய ஆளை நான் கொல்லப்போகிறேன். இதை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன், நாம் இருவர்தான் மிச்சம்.

தெமீத்


ஸ்வெர்த்லோவ்ஸ்க்,
21 டிசம்பர் 1974

அண்ணா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க வாய் வரவில்லை. நீ சாப்பிடுகிறாயா?

உன்னிடம் வர விமான நிலையத்தில் காத்திருந்தேன். பனிப்புயல் என்று விமானத்தை நிறுத்திவிட்டார்கள். திரும்பி வந்து அந்தச் சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். அவன் பல்லைப் பற்றி நான் கிண்டல் செய்திருக்கவே கூடாது.

நீ கேட்டதை விசாரித்தேன். வடகாற்று என்ற பெயரில் இங்கே ஒவ்வொரு ஆலைக்கும் ஒரு குழு இருக்கிறது. அங்கே வந்தது க்ளெப்பின் குழு இல்லை. அவர்கள் தெற்கு மலைகளுக்குத்தான் போனார்கள், நான்தான் முதலில் சரியாகக் கேட்காமல் நம் பக்கம் என்று எழுதிவிட்டேன். மற்ற குழுக்களில் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. மாணவர்களாக இருக்கலாம் என்கிறார்கள். அவர்கள் எல்லாம் கலைந்து போயிருப்பார்கள்.

பதிவு அலுவலகத்தில் தேதியை மாற்ற முடியவில்லை. கையெழுத்து மட்டும் போட்டோம். விருந்து கிடையாது. ஒருவரையும் கூப்பிடவில்லை.

உன் காலில் விழுந்து கேட்கிறேன், தனியாகக் காட்டுக்குப் போகாதே. குடிக்காதே.

உஸ்தீன்யா


உஸ்த்-ஷெர்,
18 ஜனவரி 1975

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். உன் நலமும் உன் கணவர் நலமும் அறிய ஆவல்.

ஆலைக்கு ஒரு வடகாற்று இருக்கிறது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். நகரத்தில் காற்று அதிகம்போல. அக்டோபரிலும் நவம்பரிலும் நீ எழுதியவற்றை மறுபடி வாசித்தேன். உன் கையெழுத்து அப்போது நன்றாக இருந்தது.

மாப்பிள்ளையைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. மார்ச்சில் பனி இறுகி இருக்கும், சறுக்குப் பலகையில் வர நல்ல காலம். கணவாய் வழியாக வரச் சொல். குடிசைக்குப் படுக்கைப் பலகை போட்டுவிட்டேன். கோடரிக்குக் காம்பு போட்டுவிட்டேன். விறகு வைக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தெமீத்


ஸ்வெர்த்லோவ்ஸ்க்,
10 பிப்ரவரி 1975

அண்ணா,

என் உடம்பைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. 

அவர்தான். உனக்குத் தெரியும் என்று எனக்கும் தெரிந்துவிட்டது. நீ என்னைச் சோதித்தாய், நான் பொய் சொன்னேன். தம்பியைக் கொன்றவரைக் கட்டிக்கொண்டேன் என்று நீ நினைப்பாய். நினைத்துக்கொள். அன்றைக்கு எனக்கு ஒன்றுதான் தோன்றியது: ஒருவன் போய்விட்டான், இன்னும் இரண்டு பேரையும் இழக்க என்னால் முடியாது. அவரைக் கொன்றால் உன்னைச் சுட்டுவிடுவார்கள். அப்புறம் எனக்கு யார் இருக்கிறார்கள்?

உன் டிசம்பர் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன், போன வாரம்தான். மேசையில் தட்டு வைத்துக்கொண்டிருந்தேன். வாசித்தார்.  கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, “தீப்பெட்டிய நாந்தான் எடுத்தேன். எங்களுது நனஞ்சு போச்சு” என்றார்.

“கோடரி?”

“அது வெட்டும்போதே ஒடஞ்சுது. வேற காம்பு போட்டிருக்கலாம். போடல.”

நான் தட்டை எடுத்து அவர் முகத்தில் அடித்தேன் அண்ணா. புருவம் கிழிந்து இரத்தம் சட்டையெல்லாம் வழிந்தது. துடைக்கக்கூட இல்லை. “இன்னும் அடி” என்றார். அடித்தேன். கை ஓயும்வரை அடித்துவிட்டு, நானேதான் தையல் போடக் கூட்டிக்கொண்டு போனேன்.

இப்போது ஒரே பிடிவாதம். மார்ச்சில் வருகிறார். உன் ஜனவரிக் கடிதத்தில் விறகு பற்றிய வரியையும் காட்டினேன். “விறகு வெக்கலேன்னுதானே எழுதியிருக்காரு? நான் போய் வெக்கிறேன்” என்கிறார். அந்தச் செப்டம்பரில் இவரோடு போன நோன்னா என்ற பெண்ணும் இன்னும் இரண்டு பையன்களும் கூட வருகிறார்கள். ரம்பம், தீப்பெட்டி, ரஸ்க் மூட்டை எல்லாம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நான் கதவில் குறுக்கே நின்று பார்த்தேன். நடக்கவில்லை.

அடி. பல்லை உடை. மூக்கை உடை. எனக்கு உயிரோடு திருப்பி அனுப்பு. நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

உடனே பதில் போடு.

உஸ்தீன்யா


ஸ்வெர்த்லோவ்ஸ்க்,
28 மார்ச் 1975

அண்ணா,

நீ பதிலே போடவில்லை. தந்தி கொடுத்தேன், அதற்கும் பதில் இல்லை. அவர்கள் உங்கள் தபால் நிலையத்திலிருந்து வந்து சேர்ந்தோம் என்று தந்தி கொடுக்க வேண்டிய நாள் தாண்டிவிட்டது. நடைக்குழு மன்றத்தில் “இன்னும் ரெண்டு நாள் பாப்போம்மா, அங்க புயலா இருக்கும்” என்கிறார்கள். அவர்களுக்குப் புயல்தான் தெரியும். உன்னைத் தெரியாது.

இருக்கிறாரா, இல்லையா? அதை மட்டும் எழுது.

உஸ்தீன்யா


உஸ்த்-ஷெர்,
7 ஏப்ரல் 1975

தங்கச்சிக்கு,

நான் நலம். உன் புருஷன் உயிரோடு இருக்கிறான். இந்தக் கடிதத்துக்கு முன்பே அவன் வந்து சேர்ந்தாலும் சேர்ந்திருப்பான், ஹெலிகாப்டரில் ஏற்றிவிட்டேன்.

கணவாய்க் குடிசையில் காத்திருந்தேன். நாலு பேரும் புயலில் அடிபட்டு வந்தார்கள். கதவைத் திறந்தேன். உள்ளே உட்காரவைத்து டீ கொடுத்தேன், மான் சூப்பு கொடுத்தேன். வந்தவனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தேன். அதில் குறை வைக்கவில்லை. எரிக்க என் விறகு ஒரு சுமை கொண்டு போயிருந்தேன். அது தீர்ந்ததும் அவன் விறகு வெட்டினான். கதவுநிலை உயரத்துக்கு அடுக்கினான். நல்ல வேலை. நகரத்துக்காரனுக்கு அது அதிகம்.

கை விரல்களைப் பனி பிடித்துவிட்டது. கொழுப்புத் தடவிக் கட்டினேன். நானே வண்டியில் வைத்து ஊர்வரை இழுத்து வந்தேன். முதுகு போய்விட்டது.

நீ கேட்டபடி உயிரோடு அனுப்பியிருக்கிறேன்.

தெமீத்


ஸ்வெர்த்லோவ்ஸ்க்,
19 மே 1975

அண்ணாவுக்கு,

உன் முதுகு எப்படி இருக்கிறது? எழுத வேண்டும் என்பதற்காக எழுதவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

இடது கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சம். வலது கையில் கட்டைவிரலும், அடுத்த விரலில் பாதியும். மற்றதை எல்லாம் டாக்டர் எடுத்துவிட்டார். ஆலையில் அவரைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். காலையில் நான்தான் பித்தான் போட்டுவிடுகிறேன். சூப்பு ஊட்டினால் வாயை மூடிக்கொண்டு, தட்டை மணிக்கட்டால் அணைத்துத் தூக்கிக் குடிக்கப் பார்க்கிறார். பாதி மார்பில் கொட்டுகிறது.

எப்படி ஆச்சு என்று மருத்துவமனையில் கேட்டார்கள். “கணவாயில காத்து கையுறையப் புடுங்கிட்டுப் போயிடுச்சு” என்றார். மன்றத்தில் கேட்டார்கள். அதையே சொன்னார். நான் கேட்டேன். என்னிடமும் அதையே சொன்னார். நீயும் பனி பிடித்தது என்று எழுதியிருந்தாய். நான் நம்பினேன். உனக்கு மனசுக்குள் நன்றிகூடச் சொன்னேன். மெழுகுவத்தி ஏற்றினேன், கேள்.

போன வாரம் நோன்னா வந்தாள். கதவைத் திறந்ததும் அப்படியே உட்கார்ந்து அழுதாள். “ஒங்க அண்ணன் எங்களுக்கு சூப்பு ஊத்துனாரு. ரெண்டாவது தடவ வேணுமான்னு கேட்டுக் கேட்டு ஊத்துனாரு” என்றாள். அப்புறம் நடந்ததை எல்லாம் சொன்னாள்.

சாப்பிட்டு முடித்ததும் நீ அவர் கையுறையைக் கேட்டு வாங்கியிருக்கிறாய். காயவைக்கப்போகிறாய் என்று நினைத்துக் கொடுத்திருக்கிறார். அடுப்புக் கதவைத் திறந்து உள்ளே போட்டாய். மற்ற மூன்று பேருடையதையும் வாங்கிப் போட்டாய்.

“வாங்க மாப்ள. விறகு வெக்காமப் போயிட்டீங்க. இப்ப வெட்டி வெச்சுட்டுப் போங்க.”

“சரி மச்சான். அதுக்குத்தான் வந்தேன்.”

அவர் இப்படித்தான் சொன்னாராம். நோன்னாவோடு வந்த பையன்களில் ஒருவன், “யோவ், வெளிய நாப்பது டிகிரி குளிருய்யா, வெறுங்கையோட எப்படி?” என்று எழுந்திருக்கிறான். நீ அவன் காதுக்குப் பக்கத்தில் கதவுநிலையில் சுட்டாய். அவனுக்கு இன்னும் அந்தக் காது கேட்கவில்லை.

வெறுங்கையால் கோடரியைப் பிடித்து வெட்டினார். தலைப்பக்க இரும்பில் கை பட்டபோதெல்லாம் தோல் அதோடு உரிந்து போனதாம். பனியில் சிவப்பாகச் சொட்டிக்கொண்டே இருந்ததாம். விரல் மடங்காமல் போனதும் கோடரியை மணிக்கட்டில் துணியால் கட்டச் சொன்னார். நோன்னா கட்டமாட்டேன் என்றாள். நீ எழுந்து வந்து கட்டிவிட்டாய். அவர் தள்ளாடி விழும்போது, “எந்திரி. எந்தம்பி எத்தன தடவ எந்திரிச்சான் தெரியுமா?” என்றாய். எழுந்தார். அவர் வாயைத் திறந்து ஒரு தடவைகூடக் கெஞ்சவில்லையாம். நோன்னாதான் உன் காலைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறாள். நீ அவளைப் பூட்ஸால் தள்ளிவிட்டாய். அவள் முழங்காலைக் காட்டினாள்.

அடுக்கி முடித்ததும் நீ அழுதாயாம். அதற்குப் பிறகுதான் கொழுப்புத் தடவினாயாம்.

அன்று மாலை அவர் வேலையிலிருந்து வந்ததும் கேட்டேன். “கையுறை காத்துல போச்சு” என்றார். நோன்னா எல்லாம் சொல்லிவிட்டாள் என்றேன். 

“ஒங்க அண்ணன ஜெயிலுக்கு அனுப்பி எனக்கு என்ன கெடைக்கப்போவுது? விரலு மொளைக்குமா? எங்களுக்குள்ள முடிஞ்சுபோச்சு உஸ்தா. விடு.”

“யாருக்குள்ள?”

“எனக்கும் அவருக்கும்.”

“செத்தவன் என் தம்பி. வெட்டினது என் புருஷன். வெட்டவச்சது என் அண்ணன். இதுல எனக்கு என்ன பங்கு? பித்தான் போட்டுவிடறதா?”

 இதையே உன்னிடமும் கேட்கிறேன்.

இரண்டு பேரும் நல்ல மனுஷர்கள் மாதிரி வாயை மூடிக்கொண்டீர்கள். நீ எனக்காக உயிரோடு அனுப்பினாயாம். அவர் எனக்காக உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லையாம். ஸோசிம் அடுப்பைக் கட்டிக்கொண்டு செத்ததை மட்டும் யாரும் எங்கேயும் சொல்லவில்லை. ஊர்ப் பதிவில் ‘ஆற்றில் விழுந்து’ என்று எழுதியிருக்கிறது. நீயே அப்படி எழுதக் கொடுத்திருக்கிறாய், கொலைக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று. நானும் சும்மா இருந்தவள்தான். டிசம்பரில் நான் உண்மையை எழுதியிருந்தால் நீ என்னைத் திட்டியிருப்பாய், குடித்திருப்பாய், விமானம் ஏறி வந்து அவரை அடித்திருப்பாய். குளிர்காலம் முழுக்க அந்தக் குடிசையில் உட்கார்ந்து இதை யோசித்துக்கொண்டிருக்கமாட்டாய். இதையும் சொல்லிவிட்டேன்.

ஆமாம், சொல்லிவிட்டேன். இன்று காலை போலீஸ் நிலையத்துக்குப் போனேன். க்ளெப் எரித்ததையும், தீப்பெட்டியை எடுத்ததையும், தம்பி செத்த விதத்தையும், நீ செய்ததையும், நான் மறைத்ததையும் சொன்னேன். அந்த அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, “யம்மா, ரெண்டு பக்கமும் ஒங்க ஆளுங்கதானே, வீட்டோட பேசி முடிச்சிக்கிட்டா என்ன?” என்றார். எழுதுங்கள் என்றேன். எழுதினார். வீட்டுக்கு வந்து க்ளெப்பிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். அப்புறம் முதல் தடவையாக அழுதார், முகத்தை மூடக் கையில்லாமல்.

அடுத்த வாரம் அவர்கள் ஹெலிகாப்டரில் உன்னைத் தேடி வருவார்கள். இந்தக் கடிதம் முந்திக்கொண்டால், நீ மலைக்குள் போய்விடலாம். போய்விட்டால் உன்னை யாராலும் பிடிக்க முடியாது, அது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். போகாதே. போனால் ஓடிப்போன குற்றவாளியாக அங்கேயே கிழவனாகிவிடுவாய். வந்தால் சில வருஷத்தில் திரும்பி வருவாய், நான் இருப்பேன். நாய்களைப் பக்கத்து வீட்டு ஃபெவ்ரோன்யாவிடம் விடு. கம்பளிக் காலுறை எடுத்துக்கொள், சிறையில் கொடுப்பது மெல்லியதாக இருக்குமாம்.

நோன்னாவைத் திட்டாதே. அந்தப் பையன்களையும் சந்தேகப்படாதே. அவர் வாயைத் திறக்கவே இல்லை. உன்னைக் காட்டிக்கொடுத்தது நான்தான், அண்ணா.

உன் தங்கை,
உஸ்தீன்யா